பெலகாவியிலிருந்து கிர்லோஸ்கர்வாடி வரை

ஜனவரி 17, பெலகாவி

காலை ஏழரை மணிக்குப் பெலகாவியில் இறங்கியபோது நடைமேடையில் பனி இன்னும் விலகவில்லை. கோவையில் மார்கழியிலும் தேவைப்படாத கம்பளிச் சட்டையை அண்ணன் பெட்டியின் அடியிலிருந்து உருவி எடுத்து மாட்டிக்கொண்டார். நிலையத்துக்கு வெளியே பத்து ரூபாய்க்குக் கிடைத்த தேநீர் நம் ஊர்க் கண்ணாடித் தம்ளரில் பாதி அளவே இருந்தாலும், இஞ்சியைத் தாராளமாகத் தட்டிப் போட்டிருந்ததால் இருவரும் மறுபடியும் வாங்கிக் குடித்தோம்.

அண்ணன் கோவையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில், மணல் அச்சு கட்டும் மோல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைப்பது நின்று ஆயில் இஞ்சின்கள் வந்த காலத்தில், அவற்றின் மேல் வார்க்கப்பட்டிருந்த கிர்லோஸ்கர் என்ற பெயர் எங்களுக்கு ஊர்க்காரர் ஒருவரின் பெயரைப் போலவே பழகிவிட்டது. அந்தப் பெயர் புறப்பட்ட இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. துணைக்கு வந்தது மட்டுமே என் பங்கு.

நகரின் பழைய கடைவீதிப் பகுதியில் இன்றும் கிர்லோஸ்கர் சாலை என்ற பெயரில் ஒரு தெரு இருக்கிறது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் இரு சக்கர வண்டிகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் நின்றுகொண்டு 1888ஆம் ஆண்டைக் கற்பனை செய்வது எளிதல்ல. அந்த ஆண்டில்தான் ராமு அண்ணா என்று அழைக்கப்பட்ட ராமச்சந்திரராவ் கிர்லோஸ்கரும் அவருடைய தம்பி லட்சுமண்ராவும் இந்த ஊரில் சைக்கிள் வணிகத்தைத் தொடங்கினார்கள். தம்பி பம்பாயிலிருந்து சைக்கிள்களை வாங்கி அனுப்புவார். ராமு அண்ணா இங்கே விற்பார். ஒரு சைக்கிள் 700 முதல் 1000 ரூபாய் வரை விற்றதாகவும், ஓட்டக் கற்றுக்கொடுக்க ராமு அண்ணா 15 ரூபாய் வாங்கியதாகவும் சொல்லப்படுகிறது. அந்த விலைக்கு வாங்கியவர்களில் பலர் அதற்கு முன் சைக்கிளைத் தொட்டிருக்கவும் மாட்டார்கள் என்பதால், ஓட்டக் கற்றுக்கொடுக்காமல் விற்பனை நடந்திருக்க முடியாது என்று அண்ணன் சொன்னார். பம்பு விற்கிறவன் கிணற்றடிக்குப் போய் ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும் என்பது அவருடைய அனுபவம்.

லட்சுமண்ராவ் பம்பாய்க்குப் போனது சைக்கிள் வாங்குவதற்காக அல்ல. 1885இல் ராமு அண்ணாவின் பண உதவியோடு அங்குள்ள ஜே. ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். நிறங்களைப் பிரித்தறிவதில் அவருடைய கண்ணுக்குக் குறை இருப்பது தெரியவந்ததும் ஓவியத்தைக் கைவிட நேர்ந்தது. நிறம் தேவைப்படாத இயந்திர வரைபடக் கலைக்கு மாறி, பிறகு விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார். தனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனதும் வேலையை உதறிவிட்டுப் பெலகாவிக்கு ராமு அண்ணாவிடமே திரும்பினார். படிக்க அனுப்பியதும், தோற்றுத் திரும்பியபோது ஏற்றுக்கொண்டதும் ஒரே மனிதர்தான். இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்பவர்கள் தம்பியின் பெயரையே பெரிதாகச் சொல்கிறார்கள் என்ற குறை எனக்கு இன்று காலையிலேயே தொடங்கிவிட்டது.

மாலையில் குந்தா வாங்கினோம். பாலையும் கோவாவையும் பழுப்பு நிறம் வரும்வரை சுண்டக் காய்ச்சிச் செய்யும் இந்த ஊர் இனிப்பு, கால் கிலோ 120 ரூபாய். கடைக்காரர் மராத்தியில் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துக் கன்னடத்துக்கு மாறி, அதுவும் பலிக்காமல் இந்தியில் முடித்தார். சுவை பார்க்கக் கொடுத்த இரண்டு வில்லைகளுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜனவரி 18, சவதத்தி

லட்சுமண்ராவ் 1869 ஜூன் 20ஆம் தேதி பிறந்த குர்லஹொசூர், மலப்பிரபா ஆற்றங்கரைப் பகுதியில் சவதத்திக்கு அருகில் இருக்கிறது. பேருந்து முழுவதும் எல்லம்மா கோயிலுக்குச் செல்லும் பக்தர்கள். "உதோ, உதோ" என்ற முழக்கத்துடன் ஒருவர் மீது ஒருவர் மஞ்சள் பொடியைத் தூவிக்கொண்டார்கள். இறங்கும்போது என் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுவதும் மஞ்சளாகியிருந்தது. தூவிய மூதாட்டி அதைப் பேறாகவே கருதினார் என்பது அவருடைய சிரிப்பில் தெரிந்தது.

ஊரில் பார்ப்பதற்கென்று அதிகம் இல்லை. மராத்தி இசை நாடகத்துக்கு 1880இல் சாகுந்தலத்தின் மூலம் உருவம் கொடுத்த அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1843இல் பிறந்ததும் இதே ஊரில்தான். கன்னடம் பேசும் இந்தச் சிற்றூரிலிருந்து மராத்தி மேடைக்கு ஒருவரும் தொழிலுக்கு இருவரும் போயிருக்கிறார்கள். சாலையோர உணவகத்தில் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் நிலக்கடலைச் சட்னியும் நூறு ரூபாய். ரொட்டிக்குக் கணக்கே இல்லை, போதும் என்று கையை மறைத்த பிறகும் ஒன்று விழுந்தது.

ஜனவரி 19, மிரஜ், சாங்லி

நாங்கள் ஏறிய வண்டி, பெயர்ப்பலகையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சிறு நிலையத்தில் வெயில் ஏறும்வரை அசையாமல் நின்றது. எதிரில் அமர்ந்திருந்த தம்பதியர் துணி மூட்டையை அவிழ்த்துச் சோள ரொட்டியான பாக்ரியும் இடித்த பச்சை மிளகாய்த் தேச்சாவும் எடுத்தார்கள். எங்களுக்கும் பிட்டுக் கையில் வைத்த பிறகுதான் அவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். அண்ணன் தேச்சாவை ஊறுகாய் என்று நினைத்து ஒரு விரல் அளவு வழித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் பதறிப்போய் வெல்லக் கட்டியை நீட்டினார். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மிரஜில் சிதார், தம்புரா செய்யும் தெருவைப் பார்ப்பதற்கு அரை மணி நேரமே கிடைத்தது. பிறகு சாங்லி. மசாலாப் பொரியான படங்கை இந்த ஊரில் விதவிதமான காரத்தில் விற்கிறார்கள். தங்கிய விடுதியில் வெந்நீர் வருமென்று சொன்ன நேரத்தில் வரவில்லை; வந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஜனவரி 20, கிர்லோஸ்கர்வாடி

சாங்லியிலிருந்து பேருந்தில் வந்தோம். கரும்பு அரைவைப் பருவம் என்பதால் வழி நெடுகக் கரும்பேற்றிய டிராக்டர்கள் இரண்டிரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகின்றன. அவற்றை முந்தவே முடியாத சாலையில் எங்கள் ஓட்டுநர் முந்திக்கொண்டே வந்தார். இடையிடையே திராட்சைத் தோட்டங்கள். காலையில் சால்வை போர்த்தியவர்கள் பதினொரு மணிக்கெல்லாம் குடை தேடும் வெயில்.

இந்த இடத்தின் பழைய பெயர் குண்டல் ரோடு. ரயில் நிலையம் ஒன்று இருந்தது. மற்றபடி கள்ளியும் பாம்புமாகக் கிடந்த வறண்ட நிலம். பெலகாவியில் சகோதரர்களின் பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யும்படி 1910 ஜனவரியில் நகராட்சி உத்தரவிட்டபோது, ஔந்த் சமஸ்தானத்தின் ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி தம் ஆட்சிக்குட்பட்ட இந்த நிலத்தில் 32 ஏக்கரைக் கொடுத்துக் கடனும் தந்தார். அவர் அரியணை ஏறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1910 மார்ச் 10ஆம் தேதி இங்கே வேலை தொடங்கியது. உத்தரவுக்கும் தொடக்கத்துக்கும் இடையில் இரண்டு மாதங்கள்தாம். இரும்பு உருக்கும் ஒரு கூப்போலா உலையை இடம் மாற்றி மறுபடி பற்றவைக்கவே அதற்கு மேல் ஆகும் என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் பம்புகள் இங்கிருந்து போகின்றன. உள்ளே செல்ல நாங்கள் அனுமதி கேட்கவில்லை. அண்ணன் மதிலுக்கு வெளியே நின்று காற்றை முகர்ந்து பார்த்து, "இன்னிக்கு ஊத்துறாங்கடா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உருக்கிய இரும்பு மணலைத் தொடும்போது எழும் வாடையை ஆயுள் முழுவதும் சுவாசித்தவரோடு வாதிட முடியாது.

தேநீர்க் கடையில் அறிமுகமான ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், நாங்கள் கோவையிலிருந்து வந்தவர்கள், அதிலும் ஒருவர் மோல்டர் என்று தெரிந்ததும் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து குடும்பம் இதே ஆலையில்தான். அண்ணனுக்கு மராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்த இந்தி இருபது சொற்கள் இருக்கலாம். ஆனால் பேட்டர்ன், கோர், ரைசர், பிளோ ஹோல் ஆகிய வார்ப்புத் தொழிற்சொற்களும் பத்து விரல்களும் போதுமானதாக இருந்தன. இருவரும் வராண்டாத் திண்ணையில் கையால் மணல் அச்சு கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டம்மா கடலை மாவில் கிண்டிய பிட்லாவும் பாக்ரியும் கொண்டுவந்து வைத்தார். பிறகு சுட்ட பச்சைச் சோளமான ஹுர்டாவை வெல்லத்தோடு கொடுத்தார். இந்தப் பருவத்தில் மட்டுமே கிடைக்கும் அதைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவர் சொன்னதை மறுத்திருந்தால் பெரிய இழப்பாகியிருக்கும். பால்பிடித்த சோளமணிகள் புகை வாசத்தோடு வாயில் உடைகின்றன.

உண்டு முடித்த பின் இரும்புக் கலப்பையைப் பற்றிப் பேச்சு வந்தது. பெலகாவியில் இருந்தபோதே மாட்டுத் தீவனம் வெட்டும் கருவியையும், 1903இல் முதல் இரும்புக் கலப்பையையும் சகோதரர்கள் செய்துவிட்டார்கள். மரக்கலப்பை தன் சிறிய கொழுவால் மண்ணைக் கீறும், அதைப் புரட்டாது. வளைபலகை வைத்த இரும்புக் கலப்பை மண்ணை வெட்டித் திருப்பிப் போட்டுக் களையை அடியில் புதைக்கும். ஆனால் இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்ற நம்பிக்கை உழவர்களிடம் இருந்தது; முதல் கலப்பை விற்பனையாக இரண்டு ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். நம்பிக்கை மட்டுமே தடையாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மரக்கலப்பையை ஊர்த் தச்சர் களத்து நெல்லுக்கோ சோளத்துக்கோ செய்து கொடுப்பார், உடைந்தால் அவரே ஒட்டுப்போடுவார். இரும்புக் கலப்பைக்குக் கையில் காசு வேண்டும், ஆழ உழுவதற்குக் கூடுதல் எருதுகள் வேண்டும், உடைந்தால் ரயிலேறி வரும் உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த உழவர் மூடநம்பிக்கைக்காரர் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்லிவிடலாம். அவர் கணக்குத் தெரிந்தவராகவும் இருந்திருக்கலாம்.

அந்த இரண்டு ஆண்டுகளையே நான் இந்தக் கதையின் மையமாகக் கருதுகிறேன். விற்காத பொருளைச் செய்துகொண்டே இருப்பதற்குச் செய்பவரின் திறமை போதாது. பக்கத்தில் இருப்பவர்கள் போதும் நிறுத்து என்று சொல்லாமலிருக்க வேண்டும். ராமு அண்ணா சொல்லவில்லை. கிர்லோஸ்கர்வாடிக்கு வந்த பிறகு குடியிருப்பைத் திட்டமிட்டு நிர்வகித்தவரும் அவர்தான். இருபத்தைந்து தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும் கள்ளியை வெட்டிக் குடியேறிய இடத்தில் குடிநீர், தெரு, துப்புரவு என்று எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கவனித்தால்தானே இன்னொருவர் உலைக்கு அருகில் நிற்க முடியும்? பட்டறைக்குள் நடந்தவை பதிவாகியிருக்கும் அளவுக்கு இந்த வேலைகள் பதிவாகவில்லை.

அவர்கள் சேர்த்துக்கொண்ட ஆட்களும் வியப்பூட்டுகிறார்கள். கணக்குக்கு மங்கேஷ்ராவ் ரேகே, பொறியியலுக்கு சம்போராவ் ஜாம்பேகர், பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே கருவிகளை வடிவமைக்கும் வல்லவராக ஆன அனந்தராவ் பள்ணிகர். இரவுக் காவலுக்கு, குற்றப் பின்னணி கொண்டவர்களாக ஊர் ஒதுக்கியவர்களையே லட்சுமண்ராவ் நியமித்தார். குடியிருப்புக்குள் தீண்டாமைக்கு இடமில்லை என்று அவர் விதித்த காலம், அரசியல் சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு.

எல்லாம் சீராகவே போய்விடவில்லை. 1920இல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் பொது நிறுவனமாகப் பதிவானது. அதே ஆண்டில் அவர்களுடைய மற்றொரு சகோதரரின் மகன் சங்கர்ராவ் தொடங்கிய கிர்லோஸ்கர் என்ற மாத இதழும், பின்னர் வந்த ஸ்திரீ இதழும் மராத்தி வாசகர்களிடம் பெரும் இடத்தைப் பிடித்தன. 1926இல் லட்சுமண்ராவின் மகன் சாந்தனுராவ் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்துத் திரும்பினார். பம்புகள் அந்தக் காலத்தில்தான் தொடங்கின. 1946இல் அவர் புணேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின்ஸ் வழியாகவே அந்தப் பெயர் எங்கள் கிணற்றடிக்கு வந்தது. ஆனால் 1948இல் காந்தி கொல்லப்பட்டதை அடுத்துத் தெற்கு மகாராஷ்டிரத்தில் பிராமணர்களுக்கு எதிராக வெடித்த கலவரத்தில் கிர்லோஸ்கர்வாடி தொழிற்சாலைக்குத் தீ வைக்கப்பட்டது. தாத்தா அந்த இரவைப் பற்றிச் சொன்னதை எங்கள் விருந்தோம்பி மராத்தியிலேயே வேகமாகச் சொன்னார். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். மொழி தெரியாததால் பாதிக்கு மேல் எங்களுக்குப் புரியவில்லை, கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் மனம் வரவில்லை. அதே ஆலை மறுபடி எழுப்பப்பட்டது. லட்சுமண்ராவ் 1956 வரை வாழ்ந்தார்.

கோவையை அடுத்த கணியூரில் இதே நிறுவனத்துக்குப் பெண்களே நடத்தும் பம்பு ஆலை ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது வீட்டம்மாவுக்கு நம்ப முடியவில்லை. இயந்திரத்தையும் அவர்களேதான் ஓட்டுகிறார்களா என்று கணவரிடம் கேட்கச் சொன்னார். ஆமாம் என்றதும், எங்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்துத்தான் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க அவர் மறுத்துவிட்டார்.

ஜனவரி 21, ஔந்த்

இரவு அண்ணனுக்கு வயிறு சரியில்லை. ஹுர்டாவைக் குறை சொல்ல அவர் விடவில்லை. சாங்லியில் மாலை சாப்பிட்ட, காரமான பயறுக் குழம்பான மிசளின் மேல் பழியைப் போட்டார். மோரும் உப்பும் குடித்துவிட்டு, பயணத்தை நிறுத்தலாம் என்ற என் யோசனையை நிராகரித்து, இரண்டு பேருந்துகள் மாறி ஔந்த்துக்கு வந்து சேர்ந்தார்.

நிலம் கொடுத்த ராஜாவின் ஊர் இது. லட்சுமண்ராவிடம் இங்கே மண்டபம் ஒன்றைக் கட்டும் பணியை அவர் ஒப்படைத்திருந்தார். அந்தப் பழக்கமே நெருக்கடியில் உதவியது. யமாய் தேவியின் கோயில் இருக்கும் குன்றில் ராஜா 1938இல் அமைத்த பவானி அருங்காட்சியகம் இருக்கிறது. இத்தனை சிறிய ஊரில் இப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது: ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள், ஹென்றி மூரின் தாயும் சேயும் சிற்பம், மேலைநாட்டு ஓவியங்களின் படிகள். பவான்ராவ் தாமே ஓவியர். சூரிய நமஸ்காரத்தை ஊரெங்கும் பரப்பியவர். நிறம் தெரியாமல் ஓவியத்தை விட்ட ஒருவர் மீது, ஓவியத்தின் மேல் இவ்வளவு பித்துக் கொண்ட அரசருக்கு நம்பிக்கை வந்ததில் எனக்கு வியப்பில்லை. இயந்திர வரைபடம் ஒன்றைக் கையில் வாங்கினால் அதிலுள்ள கோட்டின் சுத்தத்தை முதலில் பார்த்திருப்பார். இது என் ஊகம்தான். அண்ணன் ஓவியங்களை வேகமாகக் கடந்துபோய், வெண்கல வார்ப்புகளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

பேருந்துக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் அமர்ந்திருந்த விவசாயி, நாங்கள் கிர்லோஸ்கர்வாடியிலிருந்து வருவதைக் கேட்டு மகிழ்ந்தார். பேச்சுவாக்கில், தம் ஆழ்துளைக் கிணற்றில் இருப்பது என்ன மோட்டார் என்று கைபேசியில் படம் காட்டினார். கோவையில் செய்தது. அண்ணனுக்கு வயிற்று வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. கோடையில் காயில் எரிந்துவிடுகிறது என்று அவர் குறைப்பட்டார். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் ஓட்டாதீர்கள், நீர்மட்டம் இறங்கியபின் வெறுமனே சுழல விடாதீர்கள் என்று அண்ணன் இந்தியும் சைகையுமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேருந்து வந்தது. அந்த விவசாயியும் எங்களோடு ஏறிக்கொண்டார், அவர் போக வேண்டிய பேருந்து அது இல்லை என்று நடத்துநர் சொன்ன பிறகும். அடுத்த நிறுத்தம் வரை வருகிறேன் என்று தாமே பத்து ரூபாய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஸ்டார்ட்டரில் எந்த ரிலே போட வேண்டும் என்று கேட்டார்.